சாயம் அடங்கும் இடம்: ஒளியேற்றும் ஆர்.என்.ஏ. ஆப்டமர்கள்



பேச்சைத் தொடங்குமுன் ஒன்றைக் காட்டிவிடுகிறேன். என் கையில் இருப்பவை இரண்டு சிறு பிளாஸ்டிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் நாலைந்து சொட்டுத் திரவம். இரண்டிலும் ஒரே ஆர்.என்.ஏ., ஒரே சாயம், அளவும் ஒன்றே. அரங்க விளக்குகளை அணைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(விளக்குகள் அணைக்கப்பட்டன.)

இது நீல ஒளி விளக்கு. முன்னால் நான் பிடித்திருப்பது ஆரஞ்சு நிறத் தகடு. நீலத்தைத் தடுத்துவிட்டுப் பச்சையை மட்டும் உங்கள் கண்ணுக்கு அனுப்பும். பாருங்கள், இடப்பக்கக் குழாய் பச்சையாக ஒளிர்கிறது. வலப்பக்கக் குழாய் கிட்டத்தட்ட இருட்டாகவே இருக்கிறது. வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். இடப்பக்கத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருக்கிறேன், வலப்பக்கத்தில் அதற்குப் பதிலாக லித்தியம் குளோரைடு. உப்பு மாறியது, வெளிச்சம் போய்விட்டது. நன்றி, விளக்குகளைப் போடலாம்.

ஏன் அப்படி? இன்று நான் பேசப்போவது முழுக்க இந்த ஒரு கேள்விக்கான விடைதான். விடையைச் சுருக்கமாக இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த ஒளி சாயத்தின் சொத்தும் அல்ல, ஆர்.என்.ஏ.வின் சொத்தும் அல்ல. சாயத்தை ஆர்.என்.ஏ. பிடித்திருக்கும் பிடியில்தான் ஒளி இருக்கிறது. பிடி தளர்ந்தால் ஒளியும் இல்லை.

ஒரு பொருள் ஒரு நிற ஒளியை வாங்கிக்கொண்டு உடனே வேறு நிற ஒளியாகத் திருப்பித் தருவதை உடனொளிர்வு என்கிறோம். ஃபுளோரைட் என்ற கனிமத்தின் பெயரை வைத்து 1852இல் ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் சூட்டியவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். நம் வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கின் கீழ், சாராயத்திலோ எண்ணெயிலோ கரைத்த மஞ்சளை வையுங்கள். பளிச்சென்று ஒளிரும். அதே மஞ்சளைத் தண்ணீரில் கலக்கினால் அந்த ஒளி வெகுவாக மங்கிவிடும். குர்குமின் மூலக்கூறு அதேதான், அது இருக்கும் சூழல்தான் மாறியது. நம் ஆர்.என்.ஏ. சாயத்தின் கதையில் காரணம் அப்படியே இதுவல்ல. ஆனால் சூழலைப் பொறுத்து ஒளிர்வு கூடும், குறையும் என்பதை மனத்தில் பதிக்க மஞ்சளைவிட நல்ல சாட்சி கிடையாது.

சாயத்தின் மூலக்கூறு ஒளியை வாங்கும்போது துள்ளி எழுகிறது. வாங்கிய ஆற்றலை அது எப்படியாவது செலவழிக்க வேண்டும். ஒளியாக வெளியே விடலாம், அல்லது உடம்பை முறுக்கி, சுழற்றி, வெப்பமாகக் கரைத்துவிடலாம். நான் காட்டிய சாயத்தில் இரண்டு வளையங்கள், நடுவே ஒரு கார்பன் பாலம். தண்ணீரில் தனியாக இருக்கும்போது அந்தப் பாலம் திருகிக்கொள்ளும். ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் சில துண்டு நேரமே அதற்குப் போதும். ஒளியாக விடுவதற்கோ சில நானோ வினாடிகள் வேண்டும், அதாவது ஆயிரக்கணக்கான மடங்கு அதிக நேரம். ஓடுகிறவனும் நடக்கிறவனும் சேர்ந்து கிளம்பினால் யார் முந்துவார் என்று கேட்கவே வேண்டாம். ஆற்றல் முழுவதும் முறுக்கத்தில் போய்விடுகிறது. சாயம் இருட்டாக இருக்கிறது. அது முறுக முடியாதபடி யாராவது இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டால் ஆற்றலுக்கு ஒளியைத் தவிர வேறு வழியில்லை.

இந்த வித்தையை இயற்கை ஒரு ஜெல்லிமீனுக்குள் செய்துவைத்திருந்தது. ஏக்வோரியா விக்டோரியா என்ற ஜெல்லிமீனிலிருந்து பச்சை ஒளிர்புரதத்தை ஒசாமு ஷிமோமுரா பிரித்தெடுத்தது 1962இல் வெளியானது. 238 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதம் பதினொரு பட்டிகளால் ஆன பீப்பாய் போல மடிந்திருக்கிறது. பீப்பாயின் நடுவே 65, 66, 67ஆம் அமினோ அமிலங்கள் தாங்களாகவே இணைந்து ஒரு சாயமாக மாறுகின்றன. பீப்பாயை வெப்பத்தால் கலைத்துவிட்டால் சாயம் அப்படியே இருக்கும், ஒளி மட்டும் இருக்காது. 1994இல் மார்ட்டின் சால்ஃபி இந்தப் புரதத்தை பாக்டீரியாவிலும் புழுவிலும் ஒளிரவைத்தார். ராஜர் சியென் அதற்குப் பல நிறங்கள் கொடுத்தார். மூவருக்கும் 2008இல் வேதியியல் நோபல் பரிசு. எந்தப் புரதம் உயிரணுவில் எங்கே போகிறது, எப்போது பிறக்கிறது என்பதை உயிரோடு பார்க்கும் கண் இந்தப் புரதத்தால் உயிரியலாளருக்குக் கிடைத்தது.

ஆனால் ஆர்.என்.ஏ.வுக்கு அப்படி ஒரு கண் கிடைக்கவில்லை. ஆர்.என்.ஏ. தானாக ஒளிராது. 1998இல் ஒரு சுற்றுவழி கிடைத்தது. எம்.எஸ்.2 என்ற வைரஸின் உறைப்புரதம் பிடித்துக்கொள்ளும் ஆர்.என்.ஏ. கொண்டை ஒன்று உண்டு. பார்க்க விரும்பும் ஆர்.என்.ஏ.வின் வாலில் அந்தக் கொண்டைகளைக் கோத்து, உறைப்புரதத்தோடு பச்சைப் புரதத்தை ஒட்டி அனுப்பினார்கள். இன்றும் அது நல்ல முறைதான், தனி மூலக்கூறுகளையே அதில் பார்க்கிறார்கள். ஆனால் 24 கொண்டைகள் என்றால் 48 பச்சைப் புரதங்கள் வரை ஒரு ஆர்.என்.ஏ.வின் மீது தொங்கும். வேண்டிய இடத்தில் உட்காராத புரதங்களும் சேர்ந்து ஒளிர்ந்து பின்னணியைக் கலைக்கும். சாவியைத் தேட ஒரு தூணையே சாவிக்கொத்தில் கட்டிவிடுவது போன்ற ஏற்பாடு. ஆர்.என்.ஏ.வே சாயத்தைப் பிடித்தால் என்ன என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது.

ஆர்.என்.ஏ. ஒரு செய்தித் தாள் மட்டும்தான், படித்ததும் கிழித்துவிடலாம் என்று நினைத்த காலம் உண்டு. ஆனால் அந்த ஒற்றை இழை தன்மேல் தானே மடிந்து பள்ளமும் பிளவும் உள்ள உருவங்களை எடுக்கும். 1990இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் இதைத் தனித்தனியே பயன்படுத்திக்கொண்டன. கொலராடோவில் க்ரெய்க் டுயர்க்கும் லாரி கோல்டும், பாஸ்டனில் ஆண்ட்ரூ எலிங்டனும் ஜாக் சோஸ்டாக்கும். வழி எளிது. தாறுமாறான எழுத்து வரிசை கொண்ட ஆர்.என்.ஏ.க்களைப் பல லட்சம் கோடி எண்ணிக்கையில் செய்ய வேண்டும். அவற்றை ஒரு இலக்குப் பொருளின் மேல் ஊற்ற வேண்டும். ஒட்டாதவற்றைக் கழுவிவிட்டு, ஒட்டியவற்றை மட்டும் எடுத்துப் பெருக்கி, மறுபடி ஊற்ற வேண்டும். முறத்தில் புடைப்பதைப் போலத்தான். ஒவ்வொரு புடைப்பிலும் பதர் போகும், மணி நிற்கும். கடைசியில் நிற்கும் ஆர்.என்.ஏ.வுக்கு எலிங்டனும் சோஸ்டாக்கும் ஆப்டமர் என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் பொருந்துதல், கிரேக்கத்தில் பகுதி, இரண்டும் சேர்ந்த சொல். தமிழில் புதுச்சொல் ஆக்க நான் முயலவில்லை, ஆப்டமர் என்றே சொல்கிறேன். அவர்கள் அன்று இலக்காக வைத்தவையும் கரிமச் சாயங்களே என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஒளி எதிர்பாராமல் வந்தது. மாலகைட் கிரீன் என்ற சாயத்தை நீங்கள் அறிவீர்கள். வண்ணமீன் கடையில் வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்தாக நீலப்பச்சைத் திரவமாக விற்பார்கள். பச்சை மிளகாய்க்கும் வெண்டைக்காய்க்கும் பளபளப்பேற்ற அதைப் பூசிவிடும் கொடுமையும் நடக்கிறது. திரவ பாரஃபினில் நனைத்த பஞ்சால் காயைத் துடைத்து, பஞ்சு பச்சையானால் கலப்படம் என்று கண்டுபிடிக்கலாம். நல்ல நிறமுள்ள சாயம், ஆனால் ஒளிர்வு ஏறக்குறைய பூஜ்யம். டில்யாரா கிரேட்டும் சார்லஸ் வில்சனும் 1999இல் இதைப் பிடிக்கும் ஓர் ஆப்டமரை வெளியிட்டபோது அவர்களின் நோக்கம் ஒளி அல்ல, அழிவு. லேசர் அடித்தால் இந்தச் சாயம் அருகிலுள்ள ஆர்.என்.ஏ.வை உடைத்துவிடும், அதைக் கொண்டு வேண்டாத ஆர்.என்.ஏ.வை வெட்டலாம் என்று நினைத்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, 2003இல், சியெனின் ஆய்வகத்தில் அதே ஜோடியின் ஒளியை அளந்து பார்த்தார்கள். ஆப்டமருக்குள் உட்கார்ந்த சாயம் 2,000 மடங்குக்கு மேல் ஒளிர்ந்தது. கொள்கை நிரூபணமாகிவிட்டது. ஆனால் சுற்றியிருப்பதைச் சிதைக்கும் சாயத்தை உயிருள்ள செல்லுக்குள் எப்படி அனுப்புவது?

நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சாமி ஜாஃப்ரியின் குழு வேறு பக்கம் திரும்பியது. ஜெல்லிமீன் புரதத்தின் நடுவில் இருக்கும் அந்தச் சாயத்தையே வேதியியலால் தனியாகச் செய்துகொண்டால்? அது செல்லுக்குள் இருக்கும் எதனோடும் ஒட்டி ஒளிராமல் இருந்தால் போதும். சாயத்தின் சாயல்கள் பலவற்றைச் செய்தார்கள். அவற்றில் சிறந்தது டி.எஃப்.எச்.பி.ஐ. அதன் ஒரு வளையத்தில் இரண்டு ஃபுளோரின் அணுக்கள். அழகுக்கு அல்ல. அவை இருப்பதால் அந்த வளையம் உடலின் காரஅமில நிலையில் தன் ஹைட்ரஜனை இழந்து, ஒளிர்வதற்கு ஏற்ற வடிவிலேயே நிற்கிறது. சாயத்தை மணிகளில் ஒட்டி ஆர்.என்.ஏ.வைப் புடைத்தார்கள். ஒட்டியவை எல்லாம் ஒளிரவில்லை என்பது இங்கே முக்கியம். ஒட்டிக்கொள்வது வேறு, அசையவிடாமல் பிடிப்பது வேறு. ஒட்டியவற்றுள் ஒளிர்ந்தவற்றைத் தேடி எடுத்ததில் ஒன்றுக்கு ஸ்பினாச் என்று பெயரிட்டு, 2011இல் சயன்ஸ் இதழில் ஜெரமி பெய்ஜும் கரேன் வூவும் ஜாஃப்ரியும் வெளியிட்டார்கள். இன்று என் குழாயில் ஒளிர்ந்தது அந்தக் குடும்பம்தான்.

எப்படிப் பிடிக்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ஸ்பினாச்சின் எழுத்து வரிசையைக் கணினியில் போட்டால் அது சொன்ன மடிப்பு தவறு. உண்மை 2014இல் எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் வெளிவந்தது, ஒரே ஆண்டில் இரண்டு இடங்களிலிருந்து. சிகாகோவில் ஜோசப் பிச்சிரில்லி குழு, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் அட்ரியன் ஃபெரே-டி'அமாரே குழு. வழுக்கும் ஆர்.என்.ஏ.வைப் படிகமாக்க சிகாகோக்காரர்கள் ஓர் எதிர்ப்புரதத் துண்டை அதன் மேல் ஏற்றி, அதன் தோளைப் பிடித்துக்கொண்டு படிகம் வளர்த்தார்கள்.

படிகத்தில் தெரிந்த காட்சியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஸ்பினாச் நீளமான ஒரு கம்பி போல நிற்கிறது. மேலும் கீழும் சாதாரண இரட்டைச் சுருள். நடுவில் மட்டும் வேறு கட்டுமானம். ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்று குவானின்; அதில் நான்கு ஒரு சதுரமாகக் கைகோத்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன் பக்கத்துக் குவானினுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தருகிறது. அந்தச் சதுரத்தின் மேல் இன்னொரு குவானின் சதுரம். இரண்டுக்கும் அடியில் பலவகை எழுத்துகள் கலந்த ஒரு சதுரம். குவானின் சதுரங்களின் இந்த அடுக்குக்குக் குவானின் நாற்கூட்டு என்று பெயர். எழுத்து வரிசையில் அந்தக் குவானின்கள் சேர்ந்து வருவதில்லை, தள்ளித் தள்ளி வருகின்றன. அதனால்தான் கணினிக்கு அது பிடிபடவில்லை.

சதுரத்தின் நடுவே நான்கு குவானின்களும் தங்கள் ஆக்சிஜனை உள்நோக்கி நீட்டுகின்றன. இரண்டு அடுக்குக்கும் சேர்த்து எட்டு ஆக்சிஜன்கள். எதிர்மின் சாயலுள்ள எட்டும் ஒன்றையொன்று தள்ளும். அவற்றை அடக்கிச் சேர்த்துவைக்க நடுவில் ஒரு நேர்மின் அயனி வேண்டும், அளவும் பொருந்த வேண்டும். அந்த அளவு பொட்டாசியத்துக்கு இருக்கிறது. சோடியம் சிறியது, லித்தியம் இன்னும் சிறியது. இளநீரில் இருக்கும் அதே பொட்டாசியம்தான் இந்த மாடியின் நடுத்தூண். நம் செல்களுக்குள் சோடியத்தைவிட அது பல மடங்கு அதிகம் என்பது இந்த ஆப்டமருக்கு வாய்த்த நல்ல சூழல்.

சாயம் எங்கே இருக்கிறது? நாற்கூட்டின் மேல் சதுரத்தின் மீது தட்டையாகப் படுத்திருக்கிறது. அதன் மேல், மூன்று எழுத்துகள், யுராசில்-அடினின்-யுராசில், ஒரே தளத்தில் இணைந்து மூடியாக உட்கார்ந்திருக்கின்றன. பக்கவாட்டில் ஒரு தனிக் குவானின் சாயத்துக்கு ஹைட்ரஜன் பிணைப்புகள் கொடுத்து, அது நழுவாமல் நிறுத்துகிறது. தட்டையான இரண்டு கற்களுக்கு நடுவே வைத்த இலை போல. இலை முறுக முடியுமா? சாயத்தின் பாலம் திருகாமல் நிற்கிறது, ஒளி 501 நானோமீட்டரில் பச்சையாக வெளியே வருகிறது.

ஜெல்லிமீன் சாயத்தைப் பீப்பாயால் சுற்றி வளைத்தது. ஆர்.என்.ஏ. அதையே மேலும் கீழும் அழுத்திப் பிடித்தது. இரண்டுக்கும் பரிணாம உறவு எதுவும் கிடையாது, பயன் மட்டும் ஒன்று. இந்தப் படத்தை நான் முதலில் இதழில் பார்த்த அன்று நெடுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

என் ஆய்வகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். முதுகலை மாணவி ஒருத்தி மூன்று வாரம் இந்தச் சோதனையைச் செய்தாள், ஒளி வரவில்லை. ஆர்.என்.ஏ. சிதைந்திருக்கலாம் என்று புதிதாகச் செய்தாள். சாயம் கெட்டிருக்கலாம் என்று புதிதாக வாங்கினோம். கடைசியில் ஒரு மாலை நேரம் கரைசல் புட்டிகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "சார், இது சோடியம் குளோரைடு சார்" என்றாள். பொட்டாசியத்துக்கு வைத்த இடத்தில் சமையல் உப்பு. அன்றே பொட்டாசியம் குளோரைடு கரைத்துச் சேர்த்து, சூடாக்கி, ஆறவிட்டாள். குழாய் பச்சையாக எழுந்தது. கட்டமைப்பும் செயலும் ஒன்றுதான் என்று பாடநூல் எத்தனை பக்கத்தில் சொன்னாலும் அந்த மூன்று வாரம் சொன்னதற்கு ஈடாகாது.

கட்டமைப்பு தெரிந்ததால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு விடை உண்டு. எந்தப் பகுதி தூண், எந்தப் பகுதி வெறும் சுவர் என்று தெரிந்ததும், ஃபெரே-டி'அமாரே குழு தேவையில்லாததை வெட்டி, 51 எழுத்தில் பேபி ஸ்பினாச் செய்துகாட்டியது. ஒளி குறையவில்லை. அதே 2014இல் ஜாஃப்ரி குழு பாக்டீரியாவுக்குள்ளேயே எது பிரகாசமாக ஒளிர்கிறது என்று பிரித்தெடுத்து, 49 எழுத்துள்ள ப்ரோக்கோலியைக் கண்டெடுத்தது. குழாயில் தேர்வெழுதி வென்றது செல்லுக்குள் தோற்கலாம். அதனால் தேர்வையே செல்லுக்குள் வைத்தது நல்ல முடிவு.

கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் பீட்டர் அன்ரவ் குழு, தயசோல் ஆரஞ்சு என்ற வேறு சாயத்தை 2014இல் பிடித்தது. பிடி மிக இறுக்கம், சில நானோமோலார் அளவிலேயே சாயம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆப்டமருக்கு மேங்கோ என்று பெயர் வைத்தார்கள். நம் மாங்காயும் மலையாளத்து மாங்ஙாவும் போர்ச்சுகீசியர் வாயில் மங்கா ஆகி, ஆங்கிலத்தில் மேங்கோ ஆனது. உலக அறிவியல் இதழ்களில் அச்சாகும் இந்த மூலக்கூறின் பெயரில் நம் மரத்துக் காய் இருக்கிறது. மேங்கோவுக்கும் அடித்தளம் குவானின் நாற்கூட்டுதான். 2017இல் வந்த கார்ன் இன்னும் விந்தை. இரண்டு ஆர்.என்.ஏ.க்கள் ஒன்றோடொன்று முட்டி நின்று, இரண்டின் நாற்கூட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சாயத்தைப் பிடித்துக்கொள்கின்றன. குவானின் நாற்கூட்டு இல்லாவிட்டால் ஒளி இல்லை என்று பலரும் முடிவுகட்டிய நேரத்தில் ஷாங்காயிலிருந்து பெப்பர் வந்தது, 2019இல், 43 எழுத்தில். அதில் குவானின் நாற்கூட்டு கிடையாது, வேறுவிதமாக இணைந்த நான்கு எழுத்துத் தளம் ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. தட்டையான தளம் கிடைத்தால் போதும், எந்த எழுத்தால் ஆனது என்பது இரண்டாவது கேள்வி.

இவற்றால் என்ன பார்த்தார்கள்? முதலில் ஒரு பயனைச் சொல்கிறேன், எனக்கு மிக நெருக்கமானது அது. முதுமையில் கை நடுக்கமும் நடை தடுமாற்றமும் தரும் ஒரு மரபுநோய் உண்டு. எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணுவில் சி-ஜி-ஜி என்ற மூன்றெழுத்து 55 முதல் 200 தடவை வரை திரும்பத் திரும்ப வருவதால் வருவது. அந்த நீண்ட ஆர்.என்.ஏ. செல்லின் கருவில் கட்டியாகச் சேர்ந்து புரதங்களைச் சிறைப்படுத்துகிறது. இதை ஒளிரவைக்க முதல் ஸ்பினாச்சை ஒட்டியபோது ஒளி வரவில்லை. 37 பாகையில் ஸ்பினாச் சரியாக மடிவதில்லை என்பதே காரணம். மடிப்பைத் திருத்தி 2013இல் ஸ்பினாச்2 செய்தார்கள். அதன்பின் உயிருள்ள செல்லுக்குள் அந்தக் கட்டிகள் சேர்வதையும், செல் இரண்டாகும்போது அவை பங்கிடப்படுவதையும் கண்ணால் பார்த்தார்கள்.

இன்னொரு பயனும் உண்டு. சாயத்தின் இருக்கையோடு இன்னொரு ஆப்டமரைப் பாலம்போட்டு இணைத்தால் அது உணரியாகிவிடும். இரண்டாவது ஆப்டமருக்கு உரிய பொருள் வந்து ஒட்டினால்தான் பாலம் உறுதிப்படும், அப்போதுதான் சாயத்தின் இருக்கை உருவாகும். எஸ்-அடினோசில் மெத்தியோனின் என்ற வளர்சிதைப் பொருளின் அளவு பாக்டீரியாவுக்குள் ஏறி இறங்குவதை 2012இல் இப்படித்தான் படம்பிடித்தார்கள்.

குறைகளை மறைப்பது அறிவியலுக்கு அழகல்ல. சாயம் ஒளிபட்டுச் சில நேரம் வடிவம் மாறி, இருக்கையைவிட்டு வெளியேறும். புதிய சாயம் வந்து உட்காரும்வரை ஒளி மங்கும். ஆப்டமர் செல்லுக்குள் சீக்கிரம் சிதைகிறது. விலங்குச் செல்களில் ஆர்.என்.ஏ. நாற்கூட்டுகள் பெரும்பாலும் அவிழ்ந்த நிலையில் வைக்கப்படுகின்றன என்று டேவிட் பார்ட்டெல் ஆய்வகம் 2016இல் காட்டியது கவலைக்குரியது. ஆப்டமரை வளையமாக மூடிச் சிதைவைத் தடுக்கும் முறை 2019இல் வந்திருக்கிறது. ஒரே ஒரு சாதாரணச் செய்தி ஆர்.என்.ஏ.வை ஒரே ஒரு ஆப்டமரால் செல்லுக்குள் பின்தொடர்வது இன்றும் கடினம். ஆப்டமர்களை வரிசையாகக் கோத்துத்தான் ஒளியைக் கூட்ட வேண்டியிருக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். ப்ரோக்கோலிக்கு வேண்டியது 49 எழுத்துக்கான டி.என்.ஏ. அச்சு, டி7 ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதி, நான்கு ரைபோநியூக்ளியோடைடுகள், சாயம், பொட்டாசியம், மக்னீசியம், ஒரு நீல விளக்கு. ஜெல்லில் டி.என்.ஏ. பார்க்க நீல விளக்கு வைத்திருக்கும் கல்லூரிகள் நம்மிடம் பல உண்டு. படியெடுத்தல் என்று கரும்பலகையில் வரைந்து நாம் நடத்தும் பாடம், அந்தக் குழாயில் நிமிடத்துக்கு நிமிடம் பச்சை கூடுவதாகக் கண்முன் நடக்கும். வரும் கல்வியாண்டில் உங்கள் ஆய்வகத்தில் இதைச் செய்துகாட்டுங்கள். இரண்டாவது குழாயில் லித்தியம் வைக்க மறக்காதீர்கள்; ஏன் இருட்டு என்று மாணவர்களே கேட்கட்டும்.